அப்பாவக் கூட்டிட்டு ஒரு வாட்டர்கலர் எக்ஸிபிஷன் போனேன், "வெள்ளை எங்கேம்மா"ன்னு கேக்குறாரு. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். நான் கடலூர், வீடு தேவனாம்பட்டினம் போற ரோட்ல. எங்க அப்பா 35 வருஷம் போர்டு எழுதினவர். ஒரு காலத்துல லாரன்ஸ் ரோட்ல பாதி கடைக்கு பேரு அவர் கைதான், ஃப்ளெக்ஸ் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா வேலை நின்னுபோச்சு, மிச்சம் மீதி இருந்த போர்டும் 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப பறந்துபோச்சு. இப்ப 68 வயசு. காலைல பேப்பர், அப்பறம் டிவி, அவ்ளோதான் அவர் நாள்.

போன ஞாயித்துக்கிழமை பாண்டில ஒரு சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். முடிச்சுட்டு பஸ்ஸுக்கு நேரம் இருக்கேன்னு பீச் ரோட்ல நடந்தோம், வெயில் தாங்கல, உள்ள தெருவுக்குள்ள திரும்பினா ஒரு பழைய மஞ்ச வீட்டு வாசல்ல வாட்டர்கலர் ஓவியக் கண்காட்சி, அனுமதி இலவசம்னு எழுதி வெச்சிருந்தாங்க. அப்பா "நம்மளயெல்லாம் உள்ள விடுவாங்களா"ன்னு தயங்கினாரு, நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். வாசல்ல செருப்பக் கழட்டப் போனாரு, அங்க இருந்த பொண்ணு வேணாம் ஐயா அப்படியே வாங்கன்னு சொல்லிச்சு.

உள்ள ஒரு நாப்பது படம் இருக்கும். நான் பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டேன், உண்மையச் சொல்றேன், அழகா இருக்குதுன்னு தோணுச்சே தவிர அதுக்கு மேல என்ன பாக்கணும்னு தெரியல. திரும்பிப் பாத்தா அப்பா ரெண்டாவது படத்துகிட்டயே நிக்கிறாரு. நம்ம முதுநகர் துறைமுகம் மாதிரி ஒரு இடம், நடுவுல ஒரு வெள்ளைப் படகு. கண்ணாடில மூக்கு இடிக்கிற அளவுக்கு கிட்ட போயி பாக்குறாரு, அப்பறம் ரெண்டடி பின்னால வர்றாரு, திரும்ப கிட்ட போறாரு. நான் பக்கத்துல போனதும் மெதுவா காதுகிட்ட வந்து சொன்னாரு, "இந்தப் படகுக்கு வெள்ளையே அடிக்கலம்மா. வெறும் பேப்பர விட்டு வெச்சிருக்கான்."

அப்பறம்தான் நானும் உத்துப் பாத்தேன். படகோட மேல் விளிம்புல ஒரு கோடு, ஒரு அரிசி அகலம் கூட இருக்காது, அதுல பெயிண்டே இல்ல. மேல வானத்து நீலம் வந்து நின்னுடுது, கீழ படகு நிழலோட சாம்பல் வந்து நின்னுடுது, நடுவுல பேப்பர் மட்டும். அந்தக் கோடுதான் வெயில் மாதிரி கண்ணக் கூசுது. பஸ்ல கடலூர் வந்து சேர்ற வரைக்கும் அப்பா அதையேதான் பேசிட்டு வந்தாரு, கிருமாம்பாக்கம் தாண்டறப்ப ஜன்னல் வழியா ஒரு வெள்ளைச் சுவர காமிச்சு "அத எப்படி விடுவான்"னு தனக்குத்தானே கேட்டுக்கிறாரு. அவர இப்படிப் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சுங்க.

அங்கயே சின்னதா ஒரு படம், ரெண்டு போஸ்ட்கார்டு சேத்த அளவு, தென்னை ஓலைக்கு நடுவுல ஒரு ஓட்டு வீடு, 4,000 ரூபா. வாங்கிட்டேன். பக்கத்துல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டு, எக்ஸிபிஷன் முடியற ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோங்கன்னாங்க. அப்ப அப்பாவையும் திரும்ப கூட்டிட்டுப் போகப்போறேன்.

இப்ப எனக்குத் தெரிய வேண்டியது என்னன்னா, அப்பா அந்தப் படத்துல என்னதான் பாத்தாரு, அத நான் எப்படிப் பாக்கக் கத்துக்கறது, வரைஞ்சவர் அங்க இருந்தா போயி பேசலாமா தப்பா நினைப்பாங்களா. அப்பறம் எங்க வீட்டுக் கதவுக் கொண்டியெல்லாம் உப்புக் காத்துல துருப்பிடிச்சு கெடக்கு, அந்த வீட்டுல ஒரு பேப்பர் படத்த எங்க மாட்டறது. கடைசியா ஒண்ணு, அப்பாவுக்கு ஒரு பேப்பரும் கலரும் வாங்கிக் குடுத்தா செய்வாரான்னு ஆசையா இருக்குது, அவர் கை எனாமலுக்குப் பழகின கை. எது வாங்கறதுன்னு சொல்லுங்க.


டிராயிங் மாஸ்டர் ஓ.டி. எழுதியது:

அம்மா, உங்க அப்பா பாத்தது சரியான விஷயம். நான் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். எத்தனையோ பசங்களுக்கு இத வாயால சொல்லிப் புரிய வெக்க முடியாம தவிச்சிருக்கேன், அவர் ஒரே படத்துல கண்டுபிடிச்சுட்டாரு. ஏன்னா அவருக்கு வெள்ளை எப்ப வரும்னு தெரியும்.

போர்டு எழுதற வேலைய நெனச்சுப் பாருங்க. முதல்ல பலகைக்கு அடி கோட்டிங், காஞ்சதும் நூல் அடிச்சு கோடு, அப்பறம் எழுத்து, எழுத்துக்கு நிழல், எல்லாம் முடிஞ்சு கடைசியா எழுத்தோட தோள்பட்டையில வெள்ளையா ஒரு இழுப்பு. அந்த வெள்ளை விழுந்ததும்தான் எழுத்து பளிச்சுனு எழுந்து நிக்கும். அது கடைசி வேலை, கூலி வாங்கறதுக்கு முன்னாடி செய்யற வேலை. வாட்டர்கலர்ல அது தலைகீழ். அந்த வெள்ளை எங்கன்னு பிரஷ்ஷ தண்ணில நனைக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும், முடிவு பண்ணிட்டு கடைசி வரைக்கும் அத தொடாம காப்பாத்தணும். 35 வருஷம் வெள்ளைய கடைசில வெச்ச மனுஷன், முதல்லயே வெச்ச ஒரு படத்துக்கு முன்னால நின்னா, அவர் கால் எப்படிம்மா நகரும்?

இதுக்குக் காரணம் கலரோட குணம். வாட்டர்கலர்ங்கறது நுணுக்கி அரைச்ச கலர்ப்பொடியும் வேலம்பிசின் வகைல ஒரு பிசினும், தண்ணில கரையும். பேப்பர் மேல கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசா ஒரு படலமா உக்காரும். வெளிச்சம் அந்தப் படலத்துக்குள்ள நுழைஞ்சு கீழ பேப்பர்ல பட்டு திரும்பி நம்ம கண்ணுக்கு வரும். எனாமல்ல வெளிச்சம் பெயிண்ட் மேலயே பட்டு திரும்பிடும், அடில தகரம் இருந்தாலும் பலகை இருந்தாலும் ஒண்ணுதான். வாட்டர்கலர்ல பேப்பர்தான் விளக்கு. அதனாலதான் வெளுப்புல ஆரம்பிச்சு கருப்புக்குப் போவாங்க, ஒரு இடம் கருத்துட்டா அது மேல வெளுப்பு ஏறாது. ஈர பிரஷ்ஷால தடவி கொஞ்சம் எடுக்கலாம், ஆனா சில நீலம் சில பச்சை பேப்பர் நார்ல போயி கறையா ஒட்டிக்கும், என்ன பண்ணாலும் வராது.

இப்ப நீங்க எப்படிப் பாக்கறதுன்னு கேட்டீங்க. நாப்பதையும் பாக்காதீங்க. நாலு போதும். முதல்ல மூணடி தள்ளி நின்னு கண்ண லேசா சுருக்கிப் பாருங்க, எது வெளிச்சம் எது இருட்டுன்னு மட்டும் தெரியும். அப்பறம் கிட்ட போயி ஓரங்களப் பாருங்க. ஓரம்தான் எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கும். ஒரு மேகம் பஞ்சு மாதிரி கரைஞ்சு போச்சுன்னா அங்க பேப்பர் ஈரமா இருக்கறப்பவே கலர் விட்டிருக்காங்க. கத்தில அறுத்த மாதிரி ஓரம் இருந்தா காஞ்சப்பறம் போட்டது. ஒரே ஒரு படகுல மேல் விளிம்பு கூர்மையாவும் தண்ணில படற அடிப்பக்கம் கரைஞ்சும் இருந்துச்சுன்னா, அந்த ஆள் கைய நம்பலாம். சில இடத்துல காலிஃப்ளவர் மாதிரி ஒரு தழும்பு பாப்பீங்க, பாதி காஞ்ச கலர்ல தண்ணிச் சொட்டு விழுந்தா கலரத் தள்ளிட்டுப் போயி அப்படிக் காயும். தெரியாத்தனமா வந்திருக்கும், இல்ல வேணும்னே மரத்துக்கு இலையா விட்டிருப்பாங்க. அல்ட்ராமரீன் நீலம் போட்ட வானத்த உத்துப் பாத்தா பொடிப்பொடியா தெரியும், கலர் துகள் பேப்பரோட குழில போயி படிஞ்சது அது. கடல் மினுமினுப்புக்கு பிரஷ்ல தண்ணியே இல்லாம படுக்க வெச்சு ஒரு இழு இழுப்பாங்க, பேப்பரோட மேட்டுல மட்டும் கலர் ஒட்டும், குழியெல்லாம் வெள்ளையா நிக்கும்.

நம்ம ஊர்ல இதுக்கு இன்னொரு கஷ்டம் இருக்குது, கத்திரி வெயில்ல வெளில உக்காந்து வானம் போட்டா இடது மூலைல ஆரம்பிச்சு வலது மூலைக்குப் போறதுக்குள்ள இடது காஞ்சுடும், பட்டை பட்டையா நிக்கும். ஐப்பசி கார்த்திகைல நேர் மாறு, ஒரு மணி நேரம் ஆனாலும் ஈரம் போகாது, அடுத்த கலர வெக்கவும் முடியாது, சும்மாவும் உக்கார முடியாது. அதனால கடலோரத்துல போட்ட ஒரு நல்ல வானத்தப் பாத்தா அது எந்த மாசம்னு எனக்கு ஒரு யோசனை ஓடும்.

வெள்ளைப் பெயிண்ட் ட்யூப்ல கெடைக்கும், ஆனா நான் என் பசங்கள அத வாங்கவே விடமாட்டேன்.


அரியாங்குப்பம் பொண்ணு எழுதியது:

அக்கா நான் ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிறேன், லீவுல கேலரிகள்ல வாலண்டியரா நிப்பேன். உங்க அப்பா மாதிரி ஒருத்தர் வந்தா எங்களுக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கும் தெரியுமா. நெறைய பேர் வாசல்ல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு சுவர் கலர் நல்லா இருக்குன்னு போயிடுவாங்க, ஒரு படத்துக்கு இருபது நிமிஷம் நிக்கறவங்க ஒரு நாளைக்கு ரெண்டு பேர் வந்தாலே பெரிசு.

தாராளமா பேசலாம் அக்கா. வரைஞ்சவங்க பெரும்பாலும் திறப்பு நாள்லயும் கடைசி நாள்லயும் இருப்பாங்க, நீங்க போறது கடைசி நாள்தானே, மதியத்துக்கு முன்னாடியே போயிடுங்க, சாயங்காலம் படம் கழட்டற வேலை ஆரம்பிச்சுடும் அப்பறம் யாருக்கும் பேச நேரம் இருக்காது. ஒயிட் டவுன்ல நெறைய இடம் மதியம் சாப்பாட்டு நேரத்துல மூடிடுவாங்க, அதனால ஒரு ஃபோன் பண்ணிட்டு போங்க. "இது என்ன அர்த்தம்"னு கேட்டா அவங்களுக்கு பதில் சொல்ல கஷ்டமா இருக்கும், "இத எங்க உக்காந்து போட்டீங்க", "முதல்ல எத போட்டீங்க"ன்னு கேளுங்க, நிறுத்தவே மாட்டாங்க. உங்க அப்பா அந்த வெள்ளைக் கோட்டப் பத்தி கேட்டா போதும்.

விலை கேக்கறது தப்பே இல்ல. லிஸ்ட் மேஜை மேல இருக்கும், இல்லன்னா கேட்டா குடுப்பாங்க. ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம், கண்ணாடில அடிச்சு படமும் வராது. வருகைப் பதிவு நோட்டு இருக்கும், அதுல அப்பாவ எழுதச் சொல்லுங்க அக்கா, போர்டு எழுதின கை எழுத்து, அந்த நோட்டுலயே அதுதான் அழகா இருக்கும்.

அப்பறம் இது முடிஞ்சா வேற எங்க பாக்கறதுன்னா, துய்மா தெருவுல மேசோன் கொலொம்பானி இருக்குது, அலையன்ஸ் ஃபிரான்சேஸ்ங்கற ஃப்ரெஞ்சு கலாச்சார மையத்தோடது, அங்க கண்காட்சி நடக்கும். ஆரோவில்லயும் நடக்கும். பாரதியார் பல்கலைக்கூடம்ங்கற கலைக் கல்லூரி எங்க அரியாங்குப்பத்துலயே இருக்குது, கடலூர் பஸ் அது வழியாத்தான் வரும், பசங்க வேலைய காட்சிக்கு வெக்கறப்ப வாங்க, எங்க படத்துல தப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கும், கத்துக்கறதுக்கு அதுதான் நல்லது.


சட்டம் கண்ணாடி எழுதியது:

மேடம், பாண்டில 22 வருஷமா ஃப்ரேம் கடை வெச்சிருக்கேன். உப்புக் காத்து கேள்விக்கு நான் சொல்றேன், கொஞ்சம் கண்டிப்பா சொல்லுவேன் தப்பா எடுத்துக்காதீங்க, ஏன்னா வாரத்துக்கு ஒரு படமாவது செத்துப் போயி என் டேபிளுக்கு வருது.

படத்த வாங்கினதும் ஃப்ரேம பக்கவாட்டுல வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும். படத்த சுத்தி தடியா ஒரு அட்டை ஜன்னல் மாதிரி வெட்டி வெச்சிருப்பாங்க, மவுண்ட்டுனு சொல்லுவோம், அது அழகுக்கு மட்டும் இல்ல, கண்ணாடிய தள்ளி நிறுத்தறதுக்கு. மவுண்ட் இல்லாம கண்ணாடி நேரா பேப்பர்ல ஒட்டி இருந்துச்சுன்னா மழைக்காலத்துல உள்ள வேர்க்கும், அந்த ஈரத்துல பேப்பர் கண்ணாடியோட ஒட்டிக்கும், பிரிச்சா கலர் கண்ணாடியோட வந்துடும். ஒருத்தர் அவங்க தாத்தா வரைஞ்சதுன்னு ஒண்ணு கொண்டு வந்தாரு, வேற எங்கயோ மவுண்ட் இல்லாம மாட்டிக் குடுத்தது, ஒரு ஆள் முகம், பிரிக்கறப்ப பாதிக் கன்னம் கண்ணாடில நின்னுபோச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, கண்ணாடியையும் பேப்பரையும் தனித்தனியா சுத்தி எடுத்துட்டுப் போனாரு.

மவுண்ட் அட்டை ஆசிட் இல்லாததான்னு கேளுங்க. மட்டமான அட்டைன்னா சில வருஷத்துல வெட்டின ஓரம் பழுப்பாகி பேப்பர்லயும் பழுப்புக் கோடு விழும், அது போகாது. படத்த அட்டையோட பசை போட்டு முழுசா ஒட்டியிருக்கக் கூடாது, செலோ டேப் கூடவே கூடாது, மேல ரெண்டு இடத்துல மட்டும் பேப்பர் கீல் வெச்சு தொங்கணும், ஈரத்துக்கு பேப்பர் விரியும் சுருங்கும் அதுக்கு இடம் வேணும். பின்பக்கம் சுத்தி டேப் போட்டு மூடியிருக்கணும், இல்லன்னா வெள்ளிப்பூச்சி உள்ள போயிடும், பேப்பர் மேல இருக்கற பசைப்பூச்சு அதுக்கு சாப்பாடு.

மாட்டற இடம். கடல பாத்த சுவர் வேணாம், வெளிச்சுவரே வேணாம், மழைல ஊறி உள்பக்கம் ஓதம் வரும். வீட்டுக்கு நடுவுல ரெண்டு ரூமுக்கு பொதுவான சுவர் இருக்கும்ல அதுல மாட்டுங்க. ஃப்ரேமுக்குப் பின்னால கீழ் ரெண்டு மூலைலயும் சின்ன ரப்பர் புஷ் ஒட்டுங்க, காத்து போகும். கண்ணாடி துடைக்கறப்ப ஸ்ப்ரேய துணில அடிச்சு துடைங்க, கண்ணாடி மேல அடிச்சா வழிஞ்சு ஃப்ரேம் இடுக்குல இறங்கும். கார்த்திகை தாண்டி ஒரு தடவ கழட்டி பின்னால பாருங்க, பூஞ்சைப் புள்ளி வந்துச்சான்னு.

எல்லாத்துக்கும் மேல வெயில். நேர் வெயில் ஒரு நாள் கூட படக்கூடாது. மியூசியத்துல வாட்டர்கலருக்கு 50 லக்ஸ்தான் வெளிச்சம் வெப்பாங்க, அது நம்ம வீட்டு ஜன்னலோரத்து வெளிச்சத்துல ஒரு துளி. எடின்பரோல இருக்கற ஸ்காட்லாந்து தேசிய கேலரிக்கு 1900ல ஒருத்தரோட உயில் மூலமா டர்னர்ங்கற இங்கிலீஷ் ஓவியரோட வாட்டர்கலர் 38 வந்துச்சு, வருஷத்துல ஜனவரி மாசம் மட்டும்தான் காட்டணும்னு கண்டிஷன், ஏன்னா அங்க அப்பதான் வெளிச்சம் ரொம்ப கம்மி. இன்னிக்கும் ஜனவரி ஆனாத்தான் வெளில வருது, அதனால கலர் புதுசு மாதிரி இருக்குது. நம்ம ஊர்ல ஜனவரியே அவங்க ஊர் கோடை மாதிரி, நீங்களே யோசிச்சுக்கோங்க.


பழைய பேட்டை எழுதியது:

மாஸ்டர் ஐயா சொன்னதுல முக்கால்வாசி சரி, ஆனா வெள்ளைப் பெயிண்ட் வாங்கவே விடமாட்டேன்னது மட்டும் மனசுக்கு ஒப்பலைங்க. அது இங்கிலீஷ்காரங்க பழக்கம், அதுலயும் எல்லாருக்கும் இல்ல. மேல சட்டக்கடைக்காரர் சொன்ன டர்னரே நீலப் பேப்பர் எடுத்து அது மேல வெள்ளை கலந்த கெட்டிக் கலர் வெச்சு நெறைய படம் போட்டிருக்காரு. நம்ம நாட்டு சிற்றோவியம் எல்லாம் தண்ணில கரையற கலர்தான், பிசின் சேத்ததுதான், ஆனா கெட்டியா வெள்ளை சேத்துதான் போடுவாங்க. திருச்சில 19ஆம் நூற்றாண்டுல காக்காப்பொன் தகட்டுல, அதான் மைக்கால, சின்னச் சின்னதா தொழிலாளிங்க படம், தேர், திருவிழான்னு வரைஞ்சு வெள்ளைக்காரங்களுக்கு வித்தாங்க. மைக்கால வெள்ளையா விடறதுக்கு பேப்பரே கிடையாது, ஊடுருவித் தெரியற தகடு. வெள்ளை வேணும்னா வெள்ளை அடிச்சே ஆகணும். அந்த ஆளுங்க கையும் நல்ல கைதான்.

நான் சொல்ல வர்றது, உங்க அப்பா வீட்டுக்கு வந்து பேப்பர்ல வரைஞ்சு கடைசில ஒரு வெள்ளை இழுப்பு இழுத்தாருன்னா தடுக்காதீங்க. அவர் கை அப்படித்தான் பேசும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் கூட, சென்னைகிட்ட சோழமண்டலம் ஓவியர் கிராமத்த 1966ல ஆரம்பிச்சவர், இளவயசுல வாட்டர்கலர்ல தென்னையும் தண்ணியுமா போட்டுட்டிருந்துட்டுத்தான் வேற பாணிக்குப் போனாரு. ஒரு வழில ஆரம்பிச்சா அதுலயே நிக்கணும்னு இல்ல.


டிராயிங் மாஸ்டர் ஓ.டி. எழுதியது:

பழைய பேட்டை, நீங்க சொல்ற மைக்கா படம் நானும் பாத்திருக்கேன், ஒத்துக்கறேன். நான் விடமாட்டேன்னது படிக்கிற பசங்கள. ட்யூப் கைல இருந்தா யோசிக்காம கலர் அடிச்சுட்டு பின்னால வெள்ளைய வெச்சு மூடப் பாப்பாங்க. அம்மாவோட அப்பா விஷயம் வேற.

அம்மா, பேப்பர் பத்தி யாரும் சொல்லலியே. கலரவிட பேப்பர் முக்கியம், காசு இருக்கறது கொஞ்சம்னா பேப்பர்ல போடுங்க. 300 ஜிஎஸ்எம், அதாவது நல்ல தடியான தாள், முழுக்க பருத்தி, கொஞ்சம் சொரசொரப்பா இருக்கறது. ஸ்கூல் டிராயிங் நோட்டுல வாட்டர்கலர் போட்டா அப்பளம் மாதிரி சுருளும், அவர் தன் கை போயிடுச்சுன்னு நெனச்சுடுவாரு. பாண்டி போறீங்களே, எஸ்.வி.பட்டேல் சாலைல அரவிந்தர் ஆசிரமத்துக்காரங்களோட கைக்காகிதத் தொழிற்சாலை இருக்குது, 1959ல இருந்து நடக்குது, பருத்தித் துணிக் கழிவ ஊறவெச்சு அரைச்சு பேப்பர் பண்றாங்க. அங்க போனா அப்பாவுக்கும் பொழுது போகும். ஆனா கைக்காகிதம் எல்லாமே வாட்டர்கலருக்கு ஆகாது. பேப்பர்ல பசைப்பூச்சு இருக்கணும். ஒரு துண்டுல ஒரு சொட்டு தண்ணி வெச்சுப் பாருங்க. சொட்டு முத்து மாதிரி நின்னா நல்ல பேப்பர், வெச்ச உடனே மை ஒத்தற தாள் மாதிரி குடிச்சுட்டா அது வாழ்த்து அட்டைக்குத்தான்.

கலர் மூணு ட்யூப் போதும், ஒரு மஞ்ச, ஒரு செவப்பு, அல்ட்ராமரீன். ஒரு எட்டாம் நம்பர் உருண்டை பிரஷ். எனாமல் பிரஷ்ஷ மட்டும் எடுக்க விடாதீங்க, எவ்ளோ டர்பன்டைன்ல கழுவினாலும் அடிமயிர்ல எண்ணெய் நிக்கும், பேப்பர்ல தண்ணி ஒட்டாது. இன்னொண்ணு, ரிக்கர்னு ஒரு பிரஷ் இருக்குது, மெல்லிசா நீளமா மயிர், கப்பலோட பாய்மரக் கயிறு வரையறதுக்குன்னே வந்த பேரு அது. பாத்தா அவர் எழுத்துக்கு கோடு இழுத்த பிரஷ்ஷுக்கு தம்பி மாதிரி இருக்கும். அத அவர் கைல குடுத்துட்டு நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.


கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தோம், எழுத லேட் ஆயிடுச்சு.

காலைல பத்தரைக்கெல்லாம் கேலரில இருந்தோம். அப்பா சலவை வேட்டி சட்டை போட்டுட்டு வந்தாரு. நேரா அந்தப் படகுப் படத்துக்குத்தான் போனாரு. வரைஞ்சவர் அங்கயே இருந்தாரு, ஒரு நாப்பது வயசு இருக்கும், நான்தான் போயி எங்க அப்பா போர்டு எழுதினவருங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ங்கறாருன்னு சொன்னேன். அவர் உடனே எந்திரிச்சு வந்து ஐயா வாங்கன்னு நாற்காலிய இழுத்துப் போட்டாரு. அப்பா உக்காரல. அந்த வெள்ளைக் கோட்ட விரலால காமிச்சு, "இத விடறப்ப கை நடுங்கலியா"ன்னு கேட்டாரு. அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், முதல் ரெண்டு பேப்பர்ல அந்தக் கோடு மூடிப்போச்சுங்க ஐயா, இது மூணாவதுன்னாரு.

அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் பேசினாங்க, பாதி எனக்குப் புரியல. அந்தப் படத்துல படகோட கயிறு மட்டும் ஒரு ரப்பர் பால் மாதிரி திரவத்தால முதல்லயே கோடு போட்டு காயவிட்டு, மேல கலர் அடிச்சுட்டு அப்பறம் விரலால தேச்சு உரிச்சு எடுத்ததாம். தண்ணி மினுமினுப்பு ரெண்டு மூணு புள்ளி பிளேடு முனையால சுரண்டினதாம். அப்பா அதக் கேட்டதும் அப்ப கயிறுல நீ ஏமாத்திட்ட, படகுலதான் நிஜமா விட்டிருக்கன்னு சொன்னாரு, எனக்கு திக்குன்னு இருந்துச்சு, அவர் ஆமாங்கய்யா அதான் உண்மைன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. மாஸ்டர் ஐயா சொன்ன மாதிரி நான் ஓரம் பாத்தேன். பாத்த நாலு படத்துல மூணுல படகு அடிப்பக்கம் கரைஞ்சுதான் இருந்துச்சு. இப்ப வீட்டு மொட்ட மாடில நின்னு மேகத்தக் கூட ஓரம் பாத்துட்டு இருக்கேன்.

நோட்டுல அப்பா எழுதினாரு அரியாங்குப்பம் தங்கச்சி. பேரு, ஊரு, அதுக்குக் கீழ "பெயிண்டர்"னு. 

படத்துக்கு மவுண்ட் இருக்குது, இடைவெளி இருக்குது, பின்னால டேப்பும் இருக்குது, கடைக்காரர் அண்ணன் சொன்ன எல்லாத்தையும் வாசல்லயே நின்னு பாத்துட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். பூஜை ரூமுக்கும் ஹாலுக்கும் நடுச்சுவர்ல மாட்டியாச்சு.

பேப்பர் ஃபேக்டரி ஞாயித்துக்கிழமை போகல, வேற கடைல 300 ஜிஎஸ்எம் பத்து தாள், மூணு ட்யூப், ரெண்டு பிரஷ் வாங்கினேன். ரிக்கர கைல வாங்கி ஈரமில்லாமலே உள்ளங்கைல ஒரு கோடு இழுத்துப் பாத்துட்டு சட்டைப் பைல வெச்சுக்கிட்டாரு. திங்கக்கிழமை முழுக்க தொடல. செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸ்ல இருந்து வந்தா சாப்பாட்டு மேஜைல மூணு தாள் காயுது. மூணுலயும் ஒரு சொம்பு, எங்க வீட்டு எவர்சில்வர் சொம்பு. முதல்ல சொம்பு முழுக்க சேறு மாதிரி கருத்துப்போச்சு, ரெண்டாவதுல வெள்ளை விட்டிருக்காரு ஆனா நீலம் உள்ள ஓடி வந்து மூடிடுச்சு. மூணாவதுல சொம்போட கழுத்துல ஒரு கோடு நிக்குது. வளைஞ்சு, ரெண்டு பக்கமும் ஒரே அகலத்துல, அவர் 'ல' எழுத்துக்கு இழுக்கற வளைவு மாதிரியே. மேல ஒண்ணும் அடிக்கல, பேப்பர்தான், நான் சாய்ச்சுப் பிடிச்சு பாத்தேன்.

மாஸ்டர் ஐயா, அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. ரெண்டாவதுல நீலம் ஏன் ஓடிச்சுன்னு.


டிராயிங் மாஸ்டர் ஓ.டி. எழுதியது:

பக்கத்துல இருந்த சாம்பல் காயறதுக்கு முன்னாடி நீலம் வெச்சிருப்பாரும்மா. புறங்கைய பேப்பர்கிட்ட கொண்டு போகச் சொல்லுங்க, சில்லுனு இருந்தா இன்னும் ஈரம் இருக்குதுன்னு அர்த்தம், கண்ணுக்கு காஞ்ச மாதிரிதான் தெரியும். சில்லுப்பு போனப்பறம் வெக்கணும். கடல் காத்துல நேரம் கூட ஆகும், ஃபேன் போடக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் காஞ்சு கோடு விழும்.

நான் சனிக்கிழமை காலைல தேவனாம்பட்டினம் பீச்சுக்கு வருவேன், படகு கரை ஏத்தற இடத்துல, ஆறு மணிக்கு. எங்கிட்ட ரெண்டு பலகை இருக்குது. அவர பேப்பரும் ஒரு டப்பா நல்ல தண்ணியும் மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, கடல் தண்ணி உப்பு கலர்ல பூத்துடும்.